தீப்பிடிக்காத மரமும் அப்பாவோட முழங்கையும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கப் புடுங்க நம்ம டேமேஜர் புதுசா அடிச்சுட்டே இருக்கார். இதுக்கு நடுவுல நூம்பல் வீட்டுல சமையலறைக்கு மரவேலை ஆரம்பிச்சிருக்கோம். போன ஞாயித்துக்கிழமை பிளைவுட் வாங்க அப்பாவும் நானும் பூந்தமல்லி ரோட்டுல ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பலகையை எடுத்துப் போட்டு, கையால தட்டிக் காட்டி, "சார், இது ஃபயர் பிளை. தீயே பிடிக்காது சார்"னார்.

அப்பா ஒண்ணும் சொல்லலை. வலது முழங்கையை இடது கையால தடவிக்கிட்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். எனக்கு அந்தக் கடையில நிக்கவே முடியலை.

அந்தப் பார்வைக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. இதுவரைக்கும் இங்க எழுதினதில்லை. பதிவு கொஞ்சம் நீளம், நடுவுல கெமிஸ்ட்ரி வேற வரும். பொறுத்துக்கோங்க. (கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு...)

எங்கப்பா மர ஆசாரி. நிலை, கதவு, ஜன்னல்னு ஆரம்பிச்சு, காலம் மாறினதும் பிளைவுட் அலமாரி, கட்டில்னு எல்லாம் செய்வார். நூம்பல்ல இப்ப எங்க திரும்பினாலும் அபார்ட்மெண்ட். நான் சின்னப் பையனா இருந்தப்போ காலி மனைங்கதான் அதிகம். அப்படி ஒரு மனையை வாடகைக்குப் பிடிச்சு அப்பா பட்டறை போட்டிருந்தார். சவுக்குக் கம்பு நட்டு, பழைய பேக்கிங் பெட்டிப் பலகைங்களைச் சுவரா அடிச்சு, மேல தகர ஷீட். நடுவுல ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் வேலை நடக்கும், அந்தப் பக்கம் வார்னிஷ், தின்னர், சாமான் பெட்டி.

தீ விஷயத்துல அப்பா ரொம்பக் கறார். சாயங்காலம் மரத்தூளையும் இழைச்ச சுருளையும் கூட்டி, மூட்டை கட்டி வெளியே வைக்காம வீட்டுக்கு வரமாட்டார். பட்டறைக்குள்ள எவனாவது பீடி பத்த வெச்சா அன்னையோட அவன் கணக்கு செட்டில்.

என்னோட பயம் வேற வழியா வந்தது. 2004 ஜூலை 16, கும்பகோணம். காசிராமன் தெரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்ச இடத்துல பிடிச்ச தீ கீத்துக் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைங்க செத்துப் போனாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. போனவங்க எல்லாரும் கிட்டத்தட்ட என் வயசு. எங்க ஸ்கூல்லயும் சின்ன கிளாஸ் எல்லாம் கீத்துக் கொட்டகையிலதான் நடந்துச்சு. பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கூரையைப் பிரிக்கணும்னு அரசு உத்தரவு வந்ததும் ஆள் வந்து பிரிச்சாங்க. புதுக் கூரை போடுற வரைக்கும் நாங்க வேப்பமரத்தடியில உக்காந்து படிச்சோம். ஜாலியா இருந்துச்சு. ஏன் பிரிச்சாங்கன்னு அம்மா சொன்ன அன்னைக்கு ராத்திரி மட்டும் தூக்கம் வரலை. எரியுற கூரை தலையில விழுறதுக்கு எத்தனை நேரம் ஆகும்னு யோசிச்சுட்டே படுத்திருந்தேன்.

அந்தக் கேள்வி போகவே இல்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்து (இப்ப பொட்டி தட்டுறேன், அது தனிக் கதை), கடைசி வருஷம் 2019-ல புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டப்போ யோசிக்காம சொன்னேன்: கட்டட மரத்துக்குத் தீயைத் தாமதப்படுத்துற பூச்சு.

*

மரம் எப்படி எரியுதுன்னு முதல்ல சொல்லிடறேன். இது தெரியாம மிச்சக் கதை புரியாது.

உண்மையில மரம் நேரா எரியறதில்லை. சூடு ஏற ஏற முதல்ல உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகும். 200 டிகிரியைத் தாண்டினா மரம் சிதைய ஆரம்பிக்கும், 300 டிகிரி பக்கத்துல எரியக்கூடிய வாயுவை வேகமாக் கக்கும். நாம பார்க்கிற ஜ்வாலை அந்த வாயு எரியறதுதான். அந்த ஜ்வாலையோட சூடு திரும்ப மரத்து மேலயே விழும், இன்னும் வாயு வரும், இன்னும் எரியும். நம்ம பாஷையில சொன்னா நிறுத்துற கண்டிஷன் எழுதாத லூப்.

ஆனா மரத்துக்கிட்டயே ஒரு பிரேக் இருக்கு. கரி. மேல்பக்கம் எரிஞ்சு கரியானதும் அது உள்ள இருக்கிற மரத்துக்குப் போர்வை மாதிரி ஆயிடும், சூடு சுலபமா உள்ள போகாது. கனமான மரம் ஒரு பக்கம் எரியும்போது நிமிஷத்துக்கு 0.5-லேருந்து 0.8 மில்லிமீட்டர்தான் கரியாகும்னு கணக்கு. இரும்பு எரியாது, ஆனா 550 டிகிரி பக்கத்துல அதோட பலம் பாதியாக் குறைஞ்சு தொய்ய ஆரம்பிச்சுடும். அதனால நல்ல கனமான தேக்கு உத்தரம் அரை மணி நேரம் எரிஞ்சப்புறமும் உள்ள நல்ல மரம் மிச்சம் வெச்சு பாரத்தைத் தாங்கி நிக்கும். செட்டிநாட்டு வீட்டுத் தூணைக் கட்டிப் பிடிச்சா ரெண்டு கையும் சேராது இல்லையா? அந்தப் பருமனே அதுக்குப் பாதுகாப்பு.

பிரச்சனை மெலிசான மரத்துக்குத்தான். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட், பேக்கிங் பெட்டிப் பலகை, ரீப்பர். கரி பிடிச்சுப் போர்வை ஆகறதுக்குள்ள மரமே தீர்ந்துடும். கீத்து அதையும் விட மோசம், கரியாகக்கூட நேரம் கிடையாது. அந்த மெலிசு மரத்து மேல நாம ஆசையா அடிக்கிற என்.சி. லாக்கர் இருக்கே, அது நைட்ரோ செல்லுலோஸ். துப்பாக்கிப் பஞ்சுக்குத் தம்பி முறை. மரத்துக்குப் பட்டுப்புடவை கட்டி அடுப்புல உக்கார வைக்கிற வேலை.

பூச்சு அடிக்கிறவன் செய்யறது ரெண்டே வேலைதான். ஒண்ணு, மரம் வாயுவாப் போறதைக் குறைச்சு சீக்கிரமே கரியாக வைக்கிறது. பாஸ்பேட் உப்புங்க சூட்டுல அமிலமாகி மரத்துலேருந்து தண்ணியைப் பிடுங்கிக் கரியை விட்டுட்டுப் போகும். பிளஸ் டூ லேப்ல சர்க்கரை மேல கந்தக அமிலம் ஊத்தினா கறுப்பாப் பொங்குமே, அந்த வகை. ரெண்டாவது, பூச்சே பொங்கி மரத்துக்கு மேல ஒரு மெத்தை போடறது. இதுக்கு உதாரணம் தேடி எங்கயும் போகவேண்டாம். தீபாவளிக்குப் பாம்பு மாத்திரை கொளுத்தியிருக்கீங்களா? சின்ன மாத்திரை கறுப்பா உப்பி நெளிஞ்சு வரும். பொங்கும் பூச்சு சுவர் பூரா ஒட்டின பாம்பு மாத்திரைன்னு வெச்சுக்கோங்க. அமிலம் தர்ற ஒரு பொருள், கரி தர்ற ஒரு பொருள், வாயு விட்டு உப்ப வைக்கிற ஒரு பொருள். மூணும் சரியான சூட்டுல ஒண்ணு பின்னாடி ஒண்ணா வேலை செஞ்சா பூச்சு பல மடங்கு தடிமனா உப்பி நிக்கும். ஒண்ணு முந்திக்கிட்டாலும் அப்பளம் மாதிரி உடைஞ்சு கொட்டிடும்.

இது ஒண்ணும் புதுசில்லை. கி.மு. 86 வாக்குல ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்தை ரோமானியர்கள் முற்றுகையிட்டப்போ, உள்ள இருந்தவங்க மரக் கோபுரத்துக்குப் படிகாரம் பூசி வெச்சிருந்ததால அதை எரிக்க முடியலைன்னு ஒரு பழைய குறிப்பு இருக்கு. ஆமாங்க, நம்ம சலூன்ல ஷேவிங் முடிஞ்சு தேய்க்கிற அதே படிகாரம். 1821-ல பிரெஞ்சு ராஜா பதினெட்டாம் லூயிக்காக கே-லுசாக்ங்கிற விஞ்ஞானி நாடகக் கொட்டகைத் திரைச்சீலைக்கு அம்மோனியம் பாஸ்பேட், நவச்சாரம், வெங்காரம் மூணையும் வெச்சு ஒரு கலவை கண்டுபிடிச்சார். இருநூறு வருஷமாகியும் அதே பாஸ்பேட், அதே போரான் உப்புங்கதான் இந்தத் துறையில முக்கியமான ஆளுங்க.

*

எங்க புராஜெக்ட்டுக்குக் காசு கிடையாது. அதனால எல்லாமே லோக்கல் சரக்கு. பாஸ்பேட்டுக்கு உரக்கடை டி.ஏ.பி., உப்ப வைக்க யூரியா, கரிக்கு மைதா, போரானுக்கு கேரம்போர்டு பவுடர் (அது போரிக் ஆசிட்தான், தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க), எல்லாத்தையும் ஒட்ட வைக்க வெள்ளைப் பசை. நானும் என் பார்ட்னரும் வீட்டுப் பின்கட்டுல உக்காந்து கரைச்சோம். அப்பா எட்டிப் பார்த்துட்டு, "என்னப்பா இது, பெயிண்டா பஜ்ஜி மாவா?"ன்னார்.

பதினெட்டுக் கலவை சொதப்பிச்சு. ஒண்ணு வழிஞ்சு ஓடிச்சு. ஒண்ணு காய்ஞ்சு வெடிச்சுது. ஒண்ணுல பூஞ்சை வந்துச்சு. பத்தொன்பதாவது பொங்கிச்சு பாருங்க! கேஸ் பர்னரைக் காட்டின கொஞ்ச நேரத்துல வெள்ளைப் பூச்சு கறுத்து, உப்பி, அடைதோசை மாதிரி ஒரு மெத்தை. பூச்சு இல்லாத பலகை ஏழு நிமிஷத்துல ஓட்டை. பூசின பலகை பதினஞ்சு நிமிஷம் தாண்டியும் பின்பக்கம் கை வெச்சுப் பார்க்கிற அளவுக்குத்தான் சூடு. கல்லூரியில செஞ்சு காட்டினப்போ எல்லாரும் கை தட்டினாங்க. துறைத்தலைவர் தோள்ல தட்டினார்.

அதே டெமோவை அப்பாவுக்கு பட்டறை வாசல்ல செஞ்சு காட்டினேன். அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்பின கரியை நகத்தால சுரண்டி, அடியில மரம் பழுப்பா அப்படியே இருக்கறதைப் பார்த்தார். "எத்தனை நிமிஷம் தாங்கும்?"னு கேட்டார்.

"பத்து நிமிஷம் கண்டிப்பா நிக்கும்பா. ஓடி வர்றதுக்கு தாராளம்."

ஏப்ரல்ல ரெண்டு நாள் லீவு போட்டு, பட்டறை முழுக்க நானே அடிச்சேன். சவுக்குக் கம்பு, நாலு பக்கச் சுவர், நடுத்தடுப்பு எல்லாத்துக்கும் மூணு கோட்டு. அப்பாகூட வேலை செஞ்ச அண்ணன்களைக் கூப்பிட்டு, "இனிமே நம்ம பட்டறை சட்டுனு தீப்பிடிக்காது"ன்னு பெருமையா சொன்னேன். இருபத்திரெண்டு வயசு. எங்கப்பாவுக்கு நான் செஞ்சு கொடுத்த முதல் பொருள் அது.

ஜூன்ல வேலையில சேர்ந்துட்டேன். கேம்பஸ்ல கிடைச்ச ஐ.டி. கம்பெனி. கெமிக்கல் அதோட பரண் மேல போயிடுச்சு.

அந்த வருஷம் டிசம்பர்ல, மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை, சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். மேற்குப் பக்கச் சுவருக்கு வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாப் பூத்திருந்துச்சு. பழைய வீட்டுச் சுவர்ல உப்புப் பூக்குமே, அப்படி. கையால துடைச்சேன். மாவு மாதிரி வந்துச்சு. நாக்குல வெச்சா உப்புக் கரிக்கும்னு தெரியும், வைக்கலை. என்னன்னு புரிஞ்சுது. டி.ஏ.பி.யும் யூரியாவும் எதுக்கு உரமா போடறாங்க? தண்ணியில சுலபமாக் கரையும்ங்கறதாலதானே! மழை பெய்யப் பெய்ய, உள்ள இருந்த உப்பைத் தண்ணி கரைச்சு வெளியே கொண்டுவந்துட்டு இருந்துச்சு. பாதி மண்ணுக்குப் போயிருக்கும். அந்தச் சுவரோரம் புல்லு மட்டும் ஒரு சாண் உயரம் கூட வளர்ந்திருந்ததை அன்னைக்குத்தான் கவனிச்சேன்.

எங்க புராஜெக்ட் ரிப்போர்ட்லயே கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தோம். 'எதிர்காலத்தில் செய்ய வேண்டியவை: நீரில் கரைந்து வெளியேறுதல் பற்றிய ஆய்வு.' மார்க் வாங்க எழுதின ஒரு வரி.

கையைப் பேண்ட்ல துடைச்சுக்கிட்டு வந்துட்டேன். அப்பாகிட்ட சொல்லலை. பொங்கலுக்கு மறுபடி ரெண்டு கோட்டு அடிச்சுக்கலாம்னு நெனச்சேன். பொங்கலுக்கு ஒரு ரிலீஸ் இருந்துச்சு. பக்கைப் பார்த்துட்டும் டிக்கெட் போடாம விட்டேன். அவ்வளவுதான்.

*

2020 பிப்ரவரி. ராத்திரி எட்டு மணி இருக்கும். நான் ஆபீஸ்லேருந்து வந்து ஷூ கழட்டிட்டு இருந்தேன். பக்கத்துத் தெருப் பையன் ஓடி வந்து, "அண்ணே, பட்டறை!"ன்னான்.

மேற்குச் சுவரோரம் போன ஒயர்ல ஏதோ ஷார்ட். அன்னைக்கு அவசர வேலை, மறுநாள் ஒரு வீட்டுக்கு நிலை வைக்கிற முகூர்த்தம். அதனால தூளைக் கூட்டி முடிக்கலை. நான் போய்ச் சேர்ந்தப்போ அப்பா வெளியே நின்னுட்டு இருந்தார், அண்ணன்களும் வெளியே. எல்லாரும் பத்திரம். அதோட விட்டிருக்கலாம்.

அப்பா உள்ள இருந்த அந்த நிலையைப் பார்த்தார். வேப்பமரத்துல செஞ்ச தலைவாசல் நிலை, வேலை முடிஞ்சு சாய்ச்சு வெச்சிருந்துச்சு. அப்புறம் சுவரைப் பார்த்தார். தீ கீழதான் இருந்துச்சு. "பத்து நிமிஷம் இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

நான் கத்தினேன். "அப்பா வேணாம்! அந்தச் சுவர் நிக்காது!"ன்னு கத்தினேனான்னு கேட்டா, இல்லை. வெறும் "அப்பா"ன்னுதான் வாயில வந்துச்சு.

ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. மேற்குச் சுவர் காகிதம் மாதிரி பத்திக்கிட்டு மேல ஏறுச்சு. கம்பு சாய்ஞ்சு, தகர ஷீட்டோட உள்பக்கம் விழுந்துச்சு. அப்பா நிலையை விட்டுட்டுக் கையை முகத்துக்குக் குறுக்க வெச்சுக்கிட்டு வெளியே வந்தார். சட்டைக் கை எரிஞ்சுட்டு இருந்துச்சு. சாக்கை நனைச்சுப் போட்டு அணைச்சோம்.

தீயணைப்பு வண்டி அந்த நேரத்து டிராஃபிக்ல முடிஞ்ச வேகத்துல வந்து மிச்சத்தை அணைச்சாங்க. அப்பாவைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூணு வாரம். தொடையிலேருந்து தோல் எடுத்து வெச்சாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா முழங்கை முழுசா நீட்ட வராது. இழைப்புளியைத் தள்ளி இழைக்கிற ஆளுக்கு முழங்கை நீளலைன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு காலையில தனியாப் பட்டறைக்குப் போனேன். மேற்குச் சுவர் இருந்த இடத்துல சாம்பல் மட்டும்தான். ஆனா நடுத்தடுப்பு நின்னுட்டு இருந்துச்சு. மழை படாத தடுப்பு. ரெண்டு பக்கமும் கறுப்பா உப்பி, டெமோவுல வந்த அதே அடைதோசை. சுரண்டினா அடியில பழுப்பு மரம். அந்தத் தடுப்புக்குப் பின்னாடி இருந்த தின்னர் டின்னெல்லாம் பிழைச்சிருந்துச்சு. அதுங்களும் பத்தியிருந்தா பக்கத்து வீடும் போயிருக்கும். ஒரே கலவை, ஒரே நாள்ல அடிச்சது, ஒரே தீ. நடுவுல ஒரு மழைக்காலம் மட்டும்தான் வித்தியாசம்.

அன்னைக்கு சாயங்காலம் அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உப்புப் பூத்ததைப் பார்த்தது, துடைச்சது, சொல்லாம விட்டது. அவர் ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துட்டு இருந்தார்.

"எத்தனை நிமிஷம்னு கேட்டேன், சொன்னே. எத்தனை மழைக்கு வரும்னு நானும் கேக்கலை தம்பி."

திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

*

அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சேன். காலேஜ்ல படிக்காததை எல்லாம் ராத்திரி உக்காந்து படிச்சேன்.

நான் சொதப்பின இடம் உலகமே சொதப்பின இடம்தான்னு தெரிஞ்சுது. தீயைத் தாமதப்படுத்துறது பாதி வேலை. அந்தக் குணத்தை வெயில்லயும் மழையிலயும் வருஷக்கணக்கா அங்கயே தங்க வைக்கிறது மிச்சப் பாதி. கஷ்டமான பாதியும் அதுதான்.

கரையான் மருந்துல இதே சிக்கல் நம்ம நாட்டுல முன்னாடியே வந்திருக்கு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல சொண்டி காமேசன்னு ஒருத்தர், 1933-ல 'ஆஸ்கு'ன்னு ஒரு கலவை கண்டுபிடிச்சார். தாமிரமும் ஆர்சனிக்கும் கரையானைக் கொல்லும், ஆனா மழையில கரைஞ்சு போயிடும். அவர் கூட குரோமியத்தைச் சேர்த்தார். அது மரத்தோட வினைபுரிஞ்சு மத்த ரெண்டையும் உள்ளயே பூட்டிடும். அந்த வகை மருந்து உலகம் பூரா போச்சு. பின்னாடி ஆர்சனிக் பயத்தால வீட்டு உபயோகத்துக்கு அமெரிக்காவுல 2003 கடைசியோட நிறுத்திட்டாங்க. பூட்டினதும் பெரிசு, எதைப் பூட்டினோம்ங்கறதும் பெரிசு.

தீப்பூச்சுல இப்ப அந்தப் பூட்டு வேலையை அம்மோனியம் பாலி பாஸ்பேட் செய்யுது. பாஸ்பேட்டை நீளச் சங்கிலியாக் கோத்தா தண்ணியில அவ்வளவா கரையாது. அதுக்கும் மேல ஈரம் புகாத ஒரு பூச்சு அடிக்கணும். இந்த மேல்கோட்டு இருந்திருந்தா எங்க மேற்குச் சுவர் நின்னிருக்கலாம். இப்ப தவிட்டுல இருக்கிற ஃபைட்டிக் அமிலத்துலேருந்து பாஸ்பரஸ் எடுத்தெல்லாம் ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம ஊர் அரிசி ஆலைங்க பக்கம் அந்த ஆராய்ச்சி வந்தா சந்தோஷப்படுவேன்.

மழை மட்டும் எதிரி இல்லை, வெயிலும்தான். அமெரிக்காவுல 1980-கள்ல அடுக்கு வீடுகளோட கூரைக்கு அடியில தீ தாங்குற பிளைவுட் போட்டாங்க. தீயே வரலை. ஆனா கூரைச் சூட்டுல அந்தப் பாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமா அமிலமாகி, காப்பாத்த வந்த மரத்தையே அரிச்சு, சில வருஷத்துல பலகை நொறுங்க ஆரம்பிச்சுது. நம்ம தகரக் கூரைக்கு அடியில மே மாசம் நின்னு பார்த்தவங்களுக்கு இதைப் படிச்சா வயித்தைக் கலக்கும்.

இன்னொண்ணு. ரூர்க்கியில இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தாரும் மண்ணெண்ணெயும் கலந்த மண்சாந்தைக் கூரை வேய்ந்த ஓலை மேல பூசுற முறை ஒண்ணு உருவாக்கியிருக்காங்க. மழையில கரையாது, தீயும் சட்டுனு ஏறாது. ஆடம்பரமே இல்லாத சேறு. ஆனா முதல்லயே மழையைக் கணக்குல எடுத்துக்கிட்ட சேறு. நான் மைதா கரைச்சப்போ இதைப் படிச்சிருக்கணும்.

இதெல்லாம் யாருக்கு உதவும்னு கேட்டா, எனக்கு சேப்பாக்கம் கலச மஹால்தான் ஞாபகம் வரும். 2012 ஜனவரியில ராத்திரி தீப்பிடிச்சு, பழைய மர உத்தரம் போட்ட அந்தக் கட்டடத்துல அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருத்தர் உயிரை விட்டார். பின்னாடி புதுப்பிச்சு அழகா ஆக்கிட்டாங்க. பழைய மரத்துல ஒரு பூச்சு வாங்கிக் கொடுக்கிற நிமிஷம் உள்ள இருக்கிறவனுக்கு மட்டும் இல்லை, உள்ள போறவனுக்கும் சேர்த்துத்தான். எங்கப்பாவும் உள்ள போனவர்தான்.

*

மறுபடி பிளைவுட் கடைக்கு வருவோம்.

"தீயே பிடிக்காது சார்"னதும் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா பலகையைத் திருப்பிப் போட்டார். குனிஞ்சு முத்திரையைத் தேடினார். "ஐ.எஸ். 5509 இருக்கா?"ன்னார். எனக்கே ஆச்சரியம். சாதா பிளைவுட்டுக்கு 303, தண்ணி தாங்குறதுக்கு 710, தீ தாங்குறதுக்கு 5509, இந்த மூணு நம்பரை எப்பவோ நான் வீட்டுல புலம்பினது. மனுஷன் மனசுல வெச்சிருந்திருக்கார்.

கடைக்காரர் காட்டின பலகையில 710 மட்டும்தான் இருந்துச்சு. அது தண்ணிக்கு. "ரெண்டும் ஒண்ணுதான் சார், கம்பெனி நல்ல கம்பெனி"ன்னார்.

அப்பா சிரிச்சார். "தீப்பிடிக்காத மரம்னு ஒண்ணு கிடையாதுங்க. எத்தனை நிமிஷம் தாங்கும்னு எழுதியிருந்தா கொடுங்க."

கடைப் பையன் உள்ள போய் வேற ஒண்ணு கொண்டு வந்தான். 5509 முத்திரையோட. அந்தத் தரத்துல ஒரு சோதனை உண்டு: பலகையை எரிய விட்டு, அதோட எடையில 30 சதவீதம் குறைஞ்சதுலேருந்து 70 சதவீதம் குறையற வரைக்கும் குறைஞ்சது 20 நிமிஷம் ஆகணும். கவனிச்சீங்களா, அதுவும் எரியும். எரிய நேரம் எடுத்துக்கும். காசு கொடுத்து வாங்கறது அந்த நேரத்தைத்தான். அடுப்புக்குப் பக்கத்துல வர்ற ரெண்டு அலமாரிக்கு மட்டும் அதை எடுத்தோம், மிச்சத்துக்கு 710. (முழுசும் எடுக்க நம்ம பர்ஸ் இடம் கொடுக்கலை, ஹிஹி.)

வண்டியில வரும்போது அப்பா பின்னாடி உக்காந்து கேட்டார்.

"இதுல உப்புப் பூத்தா?"

"சமையலறையில மழை வராதுப்பா. சிங்குக்குப் பக்கம் வைக்க வேணாம். நான் ஆறு மாசத்துக்கு ஒருதரம் பார்க்கிறேன்."

"பார்த்தா சொல்லு"ன்னார்.

"சொல்றேன்பா."

அவ்வளவுதாங்க பதிவு. உங்க வீட்டுல, ஆபீஸ்ல யாராவது 'தீப்பிடிக்காது'ன்னு எதையாவது வித்தா, எத்தனை நிமிஷம், எத்தனை மழை, எத்தனை வருஷம்னு மூணு கேள்வி கேளுங்க. எதைப் பூசினாலும் சரி, சாயங்காலம் தூளைக் கூட்டி வெளியே வைங்க. அது எங்கப்பாவோட பார்முலா. எந்தப் பூச்சுக்கும் முன்னாடியே இருந்தது, இன்னைக்கு வரைக்கும் மழையில கரையலை.

டிஸ்கி: பத்தொன்பதாவது கலவையோட அளவு கேட்டு யாரும் வராதீங்க. தர மாட்டேன். மேல்கோட்டு இல்லாத எதையும் வெளியே விடறதில்லைன்னு முடிவு பண்ணி சில வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல என் ரிலீஸ் எல்லாம் லேட்டாகறதுக்கும் அதுதான் காரணம்னு டேமேஜர்கிட்ட யாராவது சொல்லுங்களேன் :-)